ஒன்றுவிட்ட

ஏலர்ட் இறந்த பதினோராம் நாள்
வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது.
பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர்.
ஒழுகும் படகுக் கொட்டகை,
எஞ்சின் கழற்றிய படகு,
வங்கியில் எவரும் எதிர்பாராத தொகை.
"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

என்ன முறை?
முப்பது வருடமாக வியாழக்கிழமைகளில்
செய்தித்தாளில் சுற்றிய காட் மீனை
என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார்.
தட்டமாட்டார்.
"ஏய், மழை வருது" என்று கத்துவேன்.
அதற்கு முறை தேவைப்படவில்லை.

எங்கள் நார்வேச் சட்டம்
தாத்தாவின் பேரப்பிள்ளைகள் வரை நடந்து வரும்.
அடுத்த படியில் மூச்சு வாங்கி நின்றுவிடும்.
மிச்சம் பொதுவுக்குப் போகும்.

நானும் குட்னியும் சமையல் மேசையில்
தேவாலயப் பதிவேட்டின் நகல்களைப் பரப்பினோம்.
தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவள்;
எவர் கையெழுத்தும் அவளை ஏமாற்றாது.
இந்தப் பாதிரியாரின் எழுத்து மட்டும்
காற்றில் சாய்ந்த வேலி.

பண்ணை மாறினால் குடும்பப்பெயர் மாறும்.
செத்த குழந்தையின் பெயரை
அடுத்த குழந்தைக்குச் சூட்டுவார்கள்.
ஒரே வீட்டில் மூன்று நீல்ஸ்,
அதில் இருவர் ஒருவரே.

மூன்றாம் நாள் மாலை கோடு ஒரு வழியாக நின்றது:
மிக்கால், ஈவர். அண்ணன், தம்பி.
அண்ணன் மகள் என் அம்மா.
தம்பி மகன் ஏலர்ட்டின் அப்பா ஹக்பார்ட்.
ஆக, ஏலர்ட் எனக்கு
ஒன்றுவிட்ட மாமாவின் மகன்.
'மூன்றாமவர்' என்பார்கள் எங்கள் பேச்சில்,
பொதுவான கிழவனுக்கு எத்தனை படி என்று எண்ணி.
சட்டத்துக்கு ஒரு படி அதிகம்.
குட்னி கண்ணாடியைக் கழற்றினாள். "அவ்வளவுதான்."
ஆறிப்போன காப்பியைக் குடித்தோம்.

பிறகு கண்ணாடியை மறுபடி மாட்டினாள்.
"ஒலியானா எப்போ பிறந்தாள்?"
மிக்காலின் மனைவி. என் அம்மாவைப் பெற்றவள்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து.
அம்மா பிறந்தது தொள்ளாயிரத்து இருபத்தேழு.
குட்னி விரல் விட்டு எண்ணினாள்,
எண்ணத் தெரியாதவள் போல மறுபடியும் எண்ணினாள்.
ஐம்பத்திரண்டு.
ஞானப்பெற்றோர் பத்தியில் முதல் பெயர் ஈவர்.
ஊரில் வேறெந்தக் குழந்தைக்கும்
அவர் நிற்கவில்லை.
குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

ஒன்றுவிட்ட, ஒன்றுவிட்ட என்று
இத்தனை வருடம் சொன்னோமே,
விட்டது யார், எந்த இரவில்,
எந்தக் கம்பளியில் சுற்றி?
பெற்றவள் பெயர் எங்கும் இல்லை.
அண்ணன் வீட்டு வாசலில்
பனி எவ்வளவு கிடந்தது என்றுகூட இல்லை.

சனிக்கிழமை, அவருடைய பூனைக்குச் சோறு வைக்க
கொட்டகைக்குப் போனேன்.
சுவரில் இந்த வருடத்து ஓத அட்டவணை.
மார்ச் ஒன்பதில் பென்சில் வட்டம்.
உள்ளே ஒரு சொல்: அத்தை.
அம்மா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது.
கதவுக்குப் பின்னால் தூண்டில் நரம்பால் கட்டிய
பழைய அட்டவணைகள்.
அவிழ்த்துப் பார்த்தேன்.
மார்ச் ஒன்பது. மார்ச் ஒன்பது. மார்ச் ஒன்பது.

'ஒன்றுவிட்ட' என்று எதிலும் இல்லை.
வற்றும் நேரத்தை
நிமிடம் பிசகாமல் திருத்தி எழுதும் மனிதர்,
எதையும் விட்டுவிடுகிறவர் அல்ல.

தெரிந்துதான் மீனா?
எனக்குக் கோபமும் வந்தது, சொல்லிவிடுகிறேன்.
தட்டியிருக்கலாம்.

அட்டவணை பதிவேடு ஆகாது என்றார் வக்கீல்.
"முடி இருந்தால் போதும், பரிசோதிக்கலாம்" என்று
அவருடைய சீப்பை பிளாஸ்டிக் உறையில் போட்டு
குட்னி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
நான்கைந்து நரைமுடி,
என்னுடையதைப் போலவே சுருண்டு.
விண்ணப்பத்துக்கு இன்னும் எட்டு நாள்.
உறையை நகர்த்தாமல்
அதன் பக்கத்தில் வைத்து ரொட்டி வெட்டுகிறேன்.